இன்ஜின் கவர்னரில் கை வைத்தது யார்

இன்ஜின் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், உடனே ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக்கொண்டு கவர்னரிடம் ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கவர்னர் என்பது இன்ஜினின் வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் பெட்டி. உள்ளே எண்ணெயின் அழுத்தம் வேலை செய்கிறது. பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டானோ! திருவொற்றியூரில் இந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. பாதிப் பெட்டிகள் கெட்டுப்போகாமலேயே என்னிடம் வருகின்றன.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு, காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஒன்றில் ஜெனரேட்டர் ஓட்டும் என் தோஸ்து போன் செய்தான்.

"மாமு, பூஜைலேந்து இன்ஜினு ஒரே பேஜாரு. எகிறுது, பம்முது, லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குன்னு எரியுது. நான்தான் கவர்னர நோண்டிட்டேன்னு சூப்பர்வைசரு வூட்டுக்குப் போவச் சொல்ட்டாரு. நாளிக்கு வேற ஆளு வரானாம்."

"நீ தொட்டியா?"

"எங்கம்மா மேல சத்தியமா தொடல மாமு."

எனக்குத் தெரியும், அவன் தொட மாட்டான். அந்த வேலையை விட்டால் வியாசர்பாடியில் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஃபேக்டரிக்குப் போனேன்.

சூப்பர்வைசர் இன்ஜின் பக்கத்திலேயே நின்றிருந்தார். "பாருங்க, ஸ்க்ரூவை எப்படிக் கடிச்சு வெச்சிருக்கான்!" என்று விரலை நீட்டினார்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூவின் தலை ஸ்க்ரூடிரைவர் பட்டுக் கடிபட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கடிகளின் மேலேயே பளபளவென்று பச்சை பெயிண்ட், ஒரு கீறல் இல்லாமல். பூஜைக்கு அடித்த பெயிண்ட். அதற்குப் பிறகு யார் திருகியிருந்தாலும் பெயிண்ட் உரிந்திருக்கும். இதைப் பார்க்கக்கூட இந்த மனுஷனுக்குக் கண் இல்லையா?

வாயை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். எண்ணெய் அளவு சரி, நுரை இல்லை, அழுக்கு இல்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கவர்னரிலிருந்து டீசல் பம்புக்குப் போகும் கம்பியைக் கழற்றி, பம்பு பக்கத்தைக் கையால் அசைத்தேன். வெண்ணெய் போல வழுக்கிப் போக வேண்டியது, சிக்கிச் சிக்கிப் போனது. ஒவ்வொரு மூட்டிலும் அதே பச்சை பெயிண்ட் காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. கவர்னர் இழுக்கும்போது கம்பி வராமல் முரண்டு பிடிக்கும். பிறகு திடீரென்று அளவுக்கு மீறி ஓடும். வேகம் ஏறி இறங்காமல் என்ன செய்யும்?

"பெயிண்ட் யாருங்க அடிச்சது?"

"நான்தான் பக்கத்துல நின்னு அடிக்க வெச்சேன். பூஜைல்ல? ஒரு எடம் விடல" என்றார், பெருமையாக!

அடப்பாவி. ஒரு இடம் விடவில்லையாம். இன்ஜினுக்குப் பொட்டு வை, மாலை போடு, பூசணிக்காய் உடை, யார் வேண்டாமென்றது? அசைகிற மூட்டில் எதற்கய்யா பெயிண்ட்? மனசுக்குள் திட்டிக்கொண்டே தின்னர் ஊற்றிச் சுரண்டி, எண்ணெய் விட்டு, கம்பியை மாட்டினேன். இன்ஜின் ஒரே சீராக ஓடியது. ஸ்க்ரூவை நான் தொடவே இல்லை.

காய்ந்த பெயிண்ட் துணுக்குகளை சூப்பர்வைசர் கையில் கொட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "சரி, அவனை வரச் சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன். போன்னு சொன்ன வாயாலயே கூப்புடுங்க."

கூப்பிட்டார். தோஸ்து வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். ஒரு வார்த்தை, 'தப்பு என்மேலதான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன்.

"இந்த வாட்டி விட்டுடறேன். இனிமேலாவது ஒழுங்கா இரு" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். தோஸ்து என் முழங்கையை வலிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்தான்.

"சரி சார்" என்றான்.