மாஸ்டர் கேட்க மறந்த கேள்வி

குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. அதற்கு ராகமும் இல்லை, தாளமும் இல்லை. வாளியில் விழும் தண்ணீர்தான் பக்கவாத்தியம்.

"கச்சேரியை முடிச்சுட்டு வெளியே வாங்க. பத்தரைக்கு பஸ்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி. நேற்று வாங்கிய புதுப் பையில் இரண்டு துண்டுகளை மடித்து வைத்தாள். கடலைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடும் பயணம்தான். ஆனால் கல்யாணமாகி இந்தப் பதினெட்டு வருடங்களில், முழுதாக ஒரு நாள் அவர்களுக்கென்று அமைவது இது இரண்டாவது முறை.

எல்லாம் அவருடைய வேலையால் வந்தது. தலையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கு முடியை மழிப்பது பெரிய ஆஸ்பத்திரியில் அவர் வேலை. நோயாளிகள் அவரை மாஸ்டர் என்பார்கள். கடைவீதி சலூனில் அவ்வளவு நல்ல பேர் எடுத்தவர் ஏன் போயும் போயும் அங்கே போனார் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்பதுண்டு.

அந்த வேலையில் அவருக்கென்று ஒரு பக்குவம் இருந்தது. வெந்நீரை முதலில் தன் முழங்கையில் விட்டுப் பார்ப்பார். பின்பக்கத்திலிருந்துதான் மழிக்கத் தொடங்குவார். உதிரும் முதல் முடி அவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. விழுந்ததை யார் காலிலும் மிதிபடாமல் காகிதத்தில் அள்ளிவிடுவார். கடைசியில் ஈரத் துணியால் தலையைத் துடைக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்: "முடி வளர்ந்ததும் எப்படி வெட்டணும்? இப்பவே சொல்லி வச்சிடுங்க."

அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டு யோசிப்பார்கள். ஏற்கெனவே வழுக்கை விழுந்த ஒருவர், "உச்சியில கொஞ்சம் தாராளமா விடுங்க" என்று சொல்லப்போக, வார்டே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்தாலும் நாளையைப் பற்றிய கவலை எதுவும் அவர் வாயில் வராது. "இன்னிக்கு ரெண்டு பேர் நடந்தே வீட்டுக்குப் போனாங்க. இங்க சாப்பாடு சூடா இருக்கு. வேற என்ன வேணும்?" என்பார். "ரொம்பத்தான்" என்று அவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான்.

வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால், முன்பின் பார்த்திராத ஒரு பெண். ஓடி வந்திருக்கிறாள் என்பது மூச்சில் தெரிந்தது. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்பு.

"மாஸ்டர் வீடு இதுதானேக்கா? நர்ஸ் விலாசம் குடுத்தாங்க."

"இன்னிக்கு அவருக்கு லீவும்மா" என்றாள் மனைவி, கதவை விடாமல்.

"என் வீட்டுக்காரருக்கு ஒரு மணிக்கு ஆபரேஷன். தலையில கட்டி. கையெழுத்து போட மாட்டேங்கறார்."

கதவிலிருந்து கை தானாக நழுவியது. உள்ளே வந்தவள் நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். நேற்று மாலை மாஸ்டர்தான் அவனுக்கு மழித்தார். பக்கத்துக் கட்டில்காரர், "உங்களுக்கு எப்படி வெட்டணும்னு கேட்டாரா?" என்று பேச்சுவாக்கில் விசாரித்திருக்கிறார். கேட்கவில்லை. அதோடு போச்சு.

"பிழைக்கறவங்ககிட்டதான் கேப்பார், டாக்டருங்க அவர்கிட்ட சொல்லியிருப்பாங்க, நான் எதுக்கு அந்த மேஜையில போய்ச் சாகணும்கறார். பதினோரு மணிக்குள்ள கையெழுத்து ஆகலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். தள்ளிப்போட உங்களுக்கு நாள் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்க்கா."

குளியலறை வாசலில் ஈரத் தலையோடு நின்றிருந்தார் மாஸ்டர். "கேக்கலைதான்" என்றார் மெல்ல. "மறந்துட்டேன்."

மனைவிக்குச் சுருக்கென்றது. நேற்று மாலை மூன்று தடவை போன் செய்து அவரை விரட்டியது அவள்தான்.

வந்தவளின் போனிலேயே அவள் கணவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்கள். "நான் மறந்துட்டேன் சார், வேற ஒண்ணுமே இல்லை" என்று மாஸ்டர் மன்றாடினார்.

"இவ உங்க கால்ல விழுந்திருப்பா" என்றது மறுமுனைக் குரல், அமைதியாக. "நீங்க நல்லவர். அதான் பொய் சொல்றீங்க."

மனைவி போனைப் பிடுங்கினாள். "அண்ணா, நான் மாஸ்டர் சம்சாரம். நேத்து உங்க தலையைத் துடைக்கறப்போ போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு நின்னாரே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பக்கம் இருந்தது நான். பை வாங்க வரலைன்னு கிழிச்சேன். எதுக்கும் உதவாத மனுஷன்னேன். அந்தத் திட்டுல கேள்வியை முழுங்கிட்டார். டாக்டருங்க ரகசியம் சொல்ற அளவுக்கு இவர் பெரிய ஆளா இருந்தா, எனக்கு ஒரு நாள் லீவு வாங்கித் தர இத்தனை வருஷம் ஆகுமா?"

மறுமுனையில் மூக்கால் சிரிப்பது போல ஏதோ கேட்டது.

"இங்கயும் அதே பாட்டுதாம்மா. மாஸ்டர்கிட்ட குடுங்க."

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஆயிரம் பேரிடம் கேட்ட கேள்வி, இன்று வெளியே வரத் திணறியது. "முடி வளர்ந்ததும்... எப்படி வெட்டணும் சார்?"

"காது தெரியற மாதிரி. இவளுக்கு அப்படி இருந்தாத்தான் பிடிக்கும்." பிறகு, "நர்ஸைக் கூப்பிடறேன்" என்றான்.

செருப்பை மாற்றிப் போட்டு ஓடி வந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மணி ஒன்பதே முக்கால். இப்போது கிளம்பினாலும் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஒரு நாள் வீணாகிறதே என்று வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்தபோது மனைவிக்குக் கூச்சமாக இருந்தது. எதிரே நிற்பவள், கணவனோடு இன்னும் ஒரு நாள் கிடைக்காதா என்றுதானே ஓடி வந்திருக்கிறாள்.

"சட்டையைப் போடுங்க" என்றாள் கணவனிடம். "அவரை உள்ள கொண்டு போற வரைக்கும் பக்கத்துல இருங்க."

"பஸ்ஸு?"

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது."

"இன்னிக்கு உன் நாளாச்சேம்மா."

"என் நாளுதான். அதான் நான் சொல்ற இடத்துக்குப் போங்க."

வந்தவள் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்திவிட்டுப் படியிறங்கினாள். பின்னாலேயே மாஸ்டர், பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடினார். தெருமுனையில் இருவரும் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, மனைவி கதவைச் சாத்தினாள்.