டிவிக்குப் போர்த்திய போர்வை

பேத்தியின் மடிக்கணினித் திரையில் எங்கள் வீட்டுப் பொருள்கள் ஏழு தெரிந்தன. இரண்டு முறை எண்ணினேன். டிவி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், தேக்கு பீரோ, சோபா, சுவர்க்கடிகாரம், போன வருடம் மாட்டிய ஏசி. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்தவன் நான். வாசலில் தலையை நீட்டினாலே அந்த வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நேர்காணல் எடுக்கிறவர்களுக்கு மட்டும் தெரியாமலா போகும்?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தக் கணினி வழியாகத்தான் நேர்காணல். புள்ளியியல் படிக்க அவளுக்குக் கொல்கத்தாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. என் மகனின் சம்பளம், அரசு உதவித்தொகைகளுக்கான வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியது. அங்கே விடுதியில் வைத்துப் படிக்க வைக்கும் அளவுக்கு உயர்ந்ததும் இல்லை. நேர்காணல் நடத்தும் இந்த ஓர் அறக்கட்டளை மட்டும்தான் வருமானம் பார்க்காமல், படிப்பையும் கட்டுரையையும் வைத்து உதவித்தொகை கொடுக்கிறது. கிடைத்தால் கொல்கத்தா. கிடைக்காவிட்டால் எங்கள் ஊர் மானகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் காரைக்குடிக் கல்லூரி, அதுவும் வேறு ஏதாவது படிப்பு.

"ஐயா, அவுக வருமானமே கேக்கலை. நாலு தடவை படிச்சுக் காட்டிட்டேன்" என்றாள்.

"கேக்க மாட்டாகத்தா. பாப்பாக."

அவள் தூங்கி எழுவதற்குள் சோபாவை உள்ளே தள்ளினேன். கடிகாரத்தைக் கழற்றினேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டதில் ஃபிரிட்ஜும் பீரோவும் இன்வெர்ட்டரும் ஏசியும் படத்தை விட்டு விலகின. சுவரோடு திருகி மாட்டியிருந்த டிவி மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் வந்து நின்றது. அதன் மேல் கோடு போட்ட பழைய போர்வை ஒன்றைப் போர்த்தினேன்.

மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, டிவிக்குக் குளிருதாக்கும்? நானும் ஒரு போர்வைக்குள்ள போயிரவா?"

"உன் சங்கிலியக் கழட்டு, போதும்."

"நான் எதுக்குக் கழட்டணும்? என்னையவா கேக்கப் போறாக?"

பேத்தி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். சண்டை போட நேரமில்லை. கூடத்தைத் தவிர வேறெங்கும் சிக்னல் நிற்காது. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் மூன்று பேர். அவளுடைய கட்டுரையைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். காலை டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்துக்குத் தினமும் எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறது என்று பிளஸ் டூ முழுவதும், நூற்று எண்பத்தாறு நாள், ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அதைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். திங்கட்கிழமைச் சந்தைக் கூட்டம், மழை, பள்ளித் தேர்வு எல்லாம் எப்படிப் பஸ்ஸைத் தாமதமாக்குகின்றன என்று விளக்கினாள். பணிமனையில் அந்த நோட்டைக் காட்டியும் பஸ் நேரம் மாறவில்லை, கண்டக்டர் மட்டும் இவளைக் கண்டாலே கடிகாரத்தைப் பார்க்கிறார் என்றதும் மூவரும் சிரித்தார்கள்.

அப்போது மின்விசிறிக் காற்றில் போர்வை நழுவத் தொடங்கியது. சுவரோரமாக நகர்ந்து அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன். படத்துக்கு வெளியேதான் நிற்கிறேன் என்று நினைத்தேன். உடம்பு வெளியே இருந்தது. கை உள்ளே இருந்திருக்கிறது.

மூவரில் தமிழ் பேசிய அம்மையார் கேட்டார்: "பின்னால ஒரு கை தெரியுதே, யாரும்மா அது?"

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். யாருமில்லை என்று சொல்லிவிடு ஆத்தா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"எங்க ஐயா, மேடம். அப்பாவோட அப்பா. டிவிய மறைச்சுப் பிடிச்சிருக்காக. வசதி தெரிஞ்சா நீங்க குடுக்க மாட்டீங்கன்னு பயம்."

அம்மையார் திரைக்கு அருகே குனிந்தார்.

"வருமானம் பாக்க மாட்டோம்னு போட்டிருக்கோமே?"

"நாலு தடவை படிச்சுக் காட்டுனேன் மேடம். எனக்குக் காய்ச்சல் வந்த மூணு நாளும் பஸ் ஸ்டாப்புல நின்னு நேரம் குறிச்சது இவுகதான். அந்த மூணு நாளு மட்டும் நொடியோட இருக்கும், பாருங்க."

நோட்டைத் திரையின் முன் பிடித்துக் காட்டினாள். நான் போர்வையை விட்டுவிட்டேன். அது விழுந்தது.

நேர்காணல் முடிந்ததும் அவளைப் பார்க்க முடியாமல் கொல்லைக்குப் போய் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"கெடுத்துட்டேனாத்தா?"

"தெரியல ஐயா."

அப்போதுதான் சொன்னேன். கல்லூரியில் சேர உதவி கேட்டுத் தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டுக்குப் போனபோது எனக்கு இருந்தவை இரண்டு சட்டைகள். எங்கள் அம்மா நல்லதை எடுத்து வைத்துக்கொண்டு, காலர் கிழிந்ததைப் போட்டு அனுப்பினார். உதவி கிடைத்தது. சட்டையைப் பார்த்துக் கொடுத்தார்களா, என் மார்க்கைப் பார்த்துக் கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "எத்தனை மார்க்கு ஐயா?" என்றாள்.

சொன்னேன். இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை.

"அப்ப மார்க்குக்குத்தான் குடுத்திருப்பாக" என்று சொல்லி எழுந்து போனாள்.

இருபத்து மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. கொடுத்துவிட்டார்கள், மூன்று வருடத்துக்கும். மருமகள் டிவிக்குத் திருநீறு பூசினாள்.

கொல்கத்தாவுக்குக் கிளம்பும் முன் பெட்டி அடுக்கும்போது பேத்தி அந்தக் கோடு போட்ட போர்வையைக் கேட்டாள்.

"அது ஓரம் கிழிஞ்சதுத்தா. புதுசு இருக்கு, தாரேன்."

"அதான் வேணும்."

விவாதிக்கவில்லை. கேட்டதை அடியில் வைத்தேன். மேலே புதியதையும் வைத்து, பெட்டியை நானே மூடினேன்.