நூற்று நாற்பத்து மூன்றாம் குழாய்

கொசுக்கள் தங்கள் பிள்ளைகளைத் தொழில் பழக என் மாமாவிடம் அனுப்பிவைப்பதாகக் கேள்வி. கல்லில் குத்தினாலும் அவருக்கு இரத்தம் வரும். உலகில் இதுவரை பிறந்த அத்தனை பேரின் நரம்பும் அவருக்கு மனப்பாடம். இனிப் பிறக்கப்போகிறவர்களுடையதும் பாதிக்கு மேல் தெரியும்.

இதில் உண்மை கொஞ்சம்தான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இரத்தம் எடுக்கிறார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். யோசித்துப் பதில் சொல்வதற்குள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பார்.

ஊரடங்கு போட்ட அந்தக் காய்ச்சல் வருடத்தில் தினமும் நூறு பேரின் மூக்கில் குச்சி விட்டுச் சளி எடுத்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வீட்டிலேயே இருந்த அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. பதினோராம் நாள் அத்தை போய்விட்டாள்.

அதிலிருந்து மாமா அவர்கள் இருவரும் இருந்த உள்ளறைக்குள் போவதில்லை. கூடத்து சோபாவில் படுக்கை, சட்டைகள் கூடத்து ஆணியில். வேலை முடிந்து வந்ததும் வாசல் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார், இன்றைக்கும். அம்மா ஒருமுறை, "இன்னும் யாருக்காகடா இப்படித் தேய்க்கிற?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தானேக்கா கொண்டுவந்தேன்," என்றார் மாமா, குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்வதுபோல.

போன வருடம் ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. அந்தக் காய்ச்சல் சிலரைப் படுக்கவைத்துச் சிலரைத் தொடாமல் விட்டது ஏன் என்று பார்க்க, பல வம்சாவளிக்காரர்களிடம் இரத்தம் வேண்டுமாம். எடுக்கும் வேலை மாமாவுக்கு. கையை நீட்டிய முடிதிருத்துகிறவர் விளக்கம் கேட்டார்.

"கிருமி உள்ள வந்தா, அதுல ஒரு துண்டைத் தூக்கிப்பிடிச்சு 'இவன்தான், புடி'ன்னு காட்டிக்குடுக்க உடம்புல கைங்க இருக்கு. அப்பா அம்மாகிட்டேருந்து வர்ற சொத்து. மலைப்பக்கத்து ஆளுங்ககிட்ட ஒரு விதம் அதிகம், கடலோரத்துல வேற விதம். சில கைக்கு ஒரு கிருமி நல்லா பிடிபடும், சில கையில நழுவிடும். அதுதான் முழுக் காரணமான்னா, இன்னும் தெரியல."

"எனக்கு எந்தக் கை?"

"உங்களுக்குக் கத்திரிக்கோல் பிடிக்கிற கை. ஆட்டாதீங்க."

கடைசியில் தன்னுடையதையும் ஒரு குழாய் எடுத்துக் கொடுத்தார்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. முக்கு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறேன். குழுவின் படிவங்களை அச்சடித்தது நான்தான். ஒருநாள் அவர்களுடைய டாக்டரோடு கடைக்கு வந்த மாமா, தரையைப் பார்த்தபடி கேட்டார்: "டாக்டர், என் குழாயைப் பார்த்தா, வீட்டுக்கு நான்தான் கொண்டுவந்தேனா இல்லையான்னு தெரியுமா?"

டாக்டர் வாய் திறந்தபோது அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வெளியே போனவர் அப்படியே வண்டியேறிவிட்டார். மாமா இரண்டாம் தடவை யாரிடமும் கேட்கவில்லை.

கேள்வி அந்தரத்தில் நின்றது. குழுவின் கடிதத் தலைப்பு என் கணினியில் இருந்தது. ஏற்கெனவே மாமாவுக்கு அகில உலகக் கொசுக்கள் சங்கத்தின் பாராட்டுப் பத்திரம் அடித்துக் கொடுத்த கை இது. இந்தத் தடவை சிரிப்பில்லாமல் அடித்தேன். மேலே மாமாவின் முழுப்பெயர். கீழே: 'தங்கள் மரபணுக்களை ஆராய்ந்ததில், அக்கிருமி தங்கள் உடலில் ஒரு நிமிடம்கூடத் தங்கியிருக்க முடியாது எனத் தெரிகிறது. ஆகவே தங்களால் எவருக்கும் தொற்றவே இல்லை.' பெரிதாக ஒரு கையெழுத்து. தபாலில் சேர்த்தேன்.

மாமா அதை வாசலில் நின்றே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கை கழுவப் போனார்.

மறுநாள் காலை கடைக்கு வந்து கடிதத்தை மேஜையில் விரித்தார்.

"வாலு, இந்த ஆராய்ச்சியில யாருக்கும் பேரு கிடையாது. குழாய்ல நம்பர் மட்டும்தான். நான் நூத்தி நாப்பத்தி மூணு. பேரு போட்டு எப்படி லெட்டர் வரும்?"

நான் காகிதக் கட்டை அடுக்குவதில் மும்முரமானேன்.

"அப்புறம், 'தொற்றவே இல்லை'யாம். எந்த டாக்டர்ம்மா இப்படி அடிச்சு எழுதுவாரு? பாதகமில்லை, திருத்து. பேரை எடு, நம்பரைப் போடு."

திருத்தினேன்.

"கீழ, 'தெரிய வழியில்லை'ன்னு போடு."

"அது மட்டும் போதுமா மாமா?"

"அதுதான் நிஜம். நான்தான்னு நானும் அடிச்சுச் சொல்லிட்டிருந்தேன் பாரு."

புதுத் தாள் வெளியே வந்தது. சூட்டோடு எடுத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல நிதானமாகப் படித்தார்.

"மடிக்காம வைக்கிற மாதிரி ஒரு பெரிய கவர் குடு. உள்ரூம் பீரோவுல வைக்கணும்."

கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கொசு சங்கத் தலைவரும் இந்த டாக்டரும் ஒரே மாதிரி கையெழுத்துப் போடறாங்கடி. அடுத்த தடவை பேனாவையாவது மாத்து."