அவர் நம்பருக்கு ரீசார்ஜ்

இன்று குளச்சலில் ரீசார்ஜ் கடைக்குப் போனேன். ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையே கரை திரும்பியிருக்க வேண்டும். இன்று வியாழன்.

அவர் நம்பரின் வேலிடிட்டி இன்றோடு முடிகிறது. படகு டவருக்குப் பக்கத்தில் வரும்போது அந்த போன் செத்துக் கிடக்கக் கூடாது.

கடைக்காரத் தம்பி சொன்னான், "அக்கா, 5ஜி வந்தாச்சு. ஒரு வருசத்துக்குச் சேத்துப் போட்டா லாபம். போடட்டா?"

"கடலுக்குள்ள எவ்வளவு தூரம் டவர் கிட்டும் மக்கா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கரை கண்ணுல தெரியுத தூரம் வரைக்குந்தான்க்கா."

ஒரு வருஷத்துக்குப் போட்டால் அவ்வளவு நாள் காத்திருக்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். இருப்பதிலேயே குறைந்த நாளுக்குப் போடச் சொன்னேன்.

5ஜியில் முழுப் படமும் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும் என்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

"கரைக்கு வந்தாச்சு" என்ற இரண்டே வார்த்தை வந்து சேர எத்தனை நாள் ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.