வசம்பின் மேல் போட்ட பழி

போன வாரம், சேலத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரின் அறை. கம்ப்யூட்டர் திரையில் என் மகனின் நெஞ்சு. ஒன்றரை வயதுக்காரன், என் மடியில் உட்கார்ந்து வண்டிச் சாவியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மூச்சுக்குழாயை ஒட்டி, கோலிக்குண்டு போல ஒன்று. "நீர்க்கட்டிங்க. பிறவியிலேயே இருந்திருக்கு. மூச்சுக்குழாயை அமுக்குது, அதான் இருமல் நிக்கல" என்றார் டாக்டர். சி.டி. ஸ்கேனில் அவ்வளவு தெளிவு.

அந்த வட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்...

எங்கள் திருச்செங்கோடு பக்கம் வசம்பை வில்லையாக நறுக்கி, கறுப்புக் கயிற்றில் கோத்துக் குழந்தையின் கழுத்தில் கட்டுவோம். இவனுக்கு என் மாமியார் கட்டியது. தை மாதம் இருமலுக்காக ஊரில் எக்ஸ்ரே எடுக்கப் போனபோது முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் நீட்டினார்கள். கட்டிய கயிற்றை அறுக்கலாமா? தோள் பக்கம் ஒதுக்கிப் பிடித்தேன். பையன் துள்ளினான், கயிறு நகர்ந்தது. அப்படியே படம் எடுத்தாயிற்று.

ஊர் டாக்டர் படத்தைப் பார்த்தார். "இதென்னங்க, வட்டமா லேசா தெரியுது?"

"வசம்புங்க டாக்டர்."

நான் யோசிக்கவே இல்லை. கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுக்கலாமா என்றார் அவர். பச்சைக் குழந்தைக்கு இரண்டு தடவை கதிர்வீச்சா? மொபைலில் படித்துவிட்டல்லவா போயிருந்தேன்! வேண்டாம் என்றேன். படித்த பெண் சொல்கிறாளே என்று அவரும் விட்டுவிட்டார்.

பிறகென்ன... சிரப், நெபுலைசர், மறுபடி சிரப். இருமி இருமிப் பால் கக்குவான். கடைசியில் வசம்பைக் கழற்றி எடுத்த எக்ஸ்ரேயிலும் வட்டம் அதே இடத்தில் இருந்தது. அதன்பிறகுதான் ஸ்கேன்.

மாமியார் உடைந்துபோனார். "நாங் கட்டுன கயித்துனாலதான் சாமி இத்தன நாளுந் தெரியாமப் போச்சு."

"வசம்பு பேசலீங்கத்த. நாந்தான் பேசுனேன்."

முன்பே தெரிந்திருந்தால்? கேட்டேன். அப்போதும் ஆபரேஷன் வேண்டியிருக்கும், ஆனால் குழந்தை இவ்வளவு இருமியிருக்க வேண்டாம் என்றார் சேலம் டாக்டர். முதல் பாதி ஆறுதல். எனக்கு இரண்டாம் பாதிதான் காதில் நிற்கிறது – இட்லி ஊட்டும்போதும், அவன் சிரிக்கும்போதும்.

டாக்டர் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அதென்ன, பரீட்சையா?

அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்காக நேற்று மறுபடி எக்ஸ்ரே. குழந்தையின் கழுத்தில் எதுவும் இல்லையே என்று கேட்டார் அங்கிருந்த பெண். வெறும் கழுத்து. நானே கழற்றியது.

"இல்லைன்னுதானுங்க நெனைக்கிறேன். எதுக்கும் நீங்க ஒருக்கா தொட்டுப் பாத்துருங்க."