யாரும் எழுந்து போகாத பக்கம்

அஜ்மானில் ஒரு இன்டர்நெட் கடையில் இருந்தேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆளை உட்கார வைப்பேன், நேரம் முடிந்தால் எழுப்புவேன். அதுதான் டூட்டி. கடை போனால் என் விசாவும் போகும்.

முதலாளி கீழக்கரைப் பக்கத்துப் பாய். அவர் மனைவியின் தம்பி படித்தவன். கல்ஃப் தமிழர்களுக்கென்று ஒரு வெப்சைட் செய்தான். பழைய வேலை விளம்பரம், ராசிபலன், நடிகைகள் படம். கடையில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அதுதான் முதலில் வரும். வந்தவன் எல்லாம் அதை மூடிவிட்டுத்தான் ஊருக்கு மெயில் போட்டான்.

சைட்டுக்கு எத்தனை பேர் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று மச்சினனுக்குக் கணக்கு வரும். வந்த வேகத்தில் போனால் சைட்டுக்கு மதிப்பில்லையாம், விளம்பரம் கிடைக்காதாம். சைட்டைத் திருத்தினானா? இல்லை. மூட மூடத் திரும்பத் திறக்கும்படி செய்தான்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குத்தான் ஏச்சு.

"யோவ், என்னய்யா இது, அடிக்க அடிக்க எந்திரிக்குது?"

"கேமராவுல பொண்டாட்டி மூஞ்சியக் காணோம், ராசிபலன் வந்து மறைக்குது. ரிஷபத்துக்கு மனநிம்மதியாம். செருப்பால அடிப்பேன்."

எல்லோரும் அடுத்த தெரு மலையாளி கடைக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை.

பாய் வந்தபோது சொன்னேன். "பாய், அந்தப் பக்கத்த எடுக்கச் சொல்லுங்க. ஆளு வரல."

மச்சினன் கூடவே நின்றான். "நீ கூட்டிப் பெருக்குற வேலையப் பாரு. மச்சான், இப்பத்தான் ஆளு மணிக்கணக்கா இருக்கான். இந்தா கணக்கு, இப்பக்கூட சைட்ல எட்டுப் பேரு. ஒருத்தனும் எந்திரிக்கல."

பாய் கடையைத் திரும்பிப் பார்த்தார். காலையில் நான் போட்டுவிட்ட எட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாற்காலியும் காலி.

"யாருடா அந்த எட்டுப் பேரு? ஜின்னு பிசாசா?"

மச்சினன் முகம் கறுத்தது. "இவந்தான் ஆளுகள வெரட்டுறான்."

அது பொய் என்று பாய்க்குத் தெரியும். ஆனால் மச்சினனை அனுப்பினால் வீட்டில் சோறு கிடைக்காது.

"கலாஸ், முடிஞ்சுது. கடைய மூடிருவோம். நீ ஊருக்குப் போ," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

டிக்கெட் வரும்வரை கடைக்குள்ளேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்கள் போனதும் எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மச்சினன் போன் அடித்தான். அவன் கணக்கில் எட்டுப் பேரும் எழுந்து போயிருப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.