திருப்பிக் கொடுக்காத பீங்கான்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கனடாவிலிருந்து அக்காவின் மகள் கேட்டாள். கூடவே, "சின்னம்மா, அம்மாட சமையலப் பத்தி எழுதாதீங்க, மற்ற எல்லாரும் அதத்தான் எழுதியிரிக்காங்க" என்றும் சொன்னாள். பிள்ளை சொல்வது நியாயம். எனவே அக்கா சமைக்காத ஒரு நத்தாரைப் பற்றி, ஒரு கிறிஸ்மஸ் நாளைப் பற்றி எழுதப் போகிறேன். அதற்கு முன் அவரது வாழ்வைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு நாள் ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது உங்களுக்கு விளங்காது.

அக்கா பிறந்தது வாவிக்கு மேற்கே, வவுணதீவில். அப்பா வயல் செய்தார். வயல் வட்டையில் வேலை செய்யும் ஆட்களுக்குச் சோறு கொண்டு போவது மூத்த பிள்ளையான அக்காவின் பொறுப்பு. அம்மா நோயில் விழுந்த பிறகு அந்தச் சோற்றைச் சமைப்பதும் அவரது பொறுப்பானது. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. என்னுடைய பள்ளிக்கூடம் நிற்காமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நான் அடுப்படிப் பக்கம் தலை காட்டினால் "போய்ப் படி புள்ள" என்று விரட்டுவார். அதன் பலனாக எனக்குத் தபால் கந்தோரில் வேலை கிடைத்தது. அதன் பலனாகவே எனக்கு இன்றுவரை சமைக்கத் தெரியாது. சோறு மட்டும் ஆக்குவேன். சில நாள் அது கஞ்சியாகவும் வரும்.

திருமணமாகி அக்கா புளியந்தீவுக்கு வந்தார். அத்தான் அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் வாகனச் சாரதி. சூறாவளி கூரையைக் கொண்டு போனது. பிறகு சண்டைக் காலத்தில் எல்லோரும் வீட்டை விட்டுக் கோயிலில் போய் இருந்தோம். அங்கேயும் பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றவர் அக்காதான். அத்தான் இளம் வயதிலேயே காலமானதும் கந்தோர்க்காரருக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து மகளைப் படிப்பித்தார். அப்போதுதான் நானும் அக்காவோடு வந்து சேர்ந்தேன். நான் ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு அக்காவே பதில் சொல்லி அனுப்பிவிடுவார். எனக்கு அந்த வேலையும் மிச்சம்.

இப்படியான மலர்களில் பொறுமைசாலி என்று எழுதுவது வழக்கம். அக்கா பொறுமைசாலி இல்லை. அடுப்படியில் அவர் போடும் சத்தத்துக்கு எதிர்வீட்டு டீச்சர் யன்னலைச் சாத்துவார். ஆனால் யார் எதைச் சாப்பிடுவார், எதைச் சாப்பிடமாட்டார் என்பதை அக்கா ஒருநாளும் மறந்ததில்லை. நத்தாருக்கு முதல் நாள் காத்தான்குடியிலிருந்து, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவின் கணவர் வந்து கோழிகளை அறுத்துக் கொடுப்பார். அவர் அத்தானோடு ஒன்றாக வேலை செய்தவர். அவர் அறுத்தால்தான் ராத்தா வீட்டார் எங்கள் மேசையில் கை நனைக்க முடியும் என்பது அக்காவின் கணக்கு. டீச்சருக்கு அந்த நாட்களில் திருவெம்பாவை விரதம் வந்துவிடும். அவருக்கென்று ஒரு சட்டி தனியாக இருந்தது. அந்தச் சட்டியில் மரக்கறி தவிர வேறெதுவும் வெந்ததில்லை.

நத்தார்ப் பூசை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். வர முடியாதவர்களுக்குப் பீங்கான் தட்டில் போட்டு, மேலே லேஞ்சித் துணி மூடி அனுப்புவார். அந்தப் பீங்கான்கள் வெறுமையாகத் திரும்பி வருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். இது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் பொதுவான வழக்கம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பீங்கான் போகத் தயங்கிய காலமும் இந்த ஊரில் இருந்தது. அப்போதும் அக்காவின் பீங்கான் காத்தான்குடிக்குப் போனது.

இனி அந்த நத்தார். அதற்கு முந்திய மாதங்களில் அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அடுப்பு வெக்கையில் நிற்கவே கூடாது, நன்றாக ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். உடனே எங்கள் தம்பியின் மனைவி எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தா. இந்த முறை மதினி சமைக்கக் கூடாது, நாங்கள் செய்து கொடுப்போம் என்று முடிவானது. அக்கா அடம் பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ சிரித்தார்.

"நல்லதுதானே புள்ள. இந்த முறை நான் மகாராணி மாதிரி இரிக்கன். அவங்க சமைச்சிக் கொண்டு வரட்டும்."

கொண்டு வருவார்கள் என்றுதான் அக்கா நினைத்தார். அவர்கள் சொன்னது அனுப்புவோம் என்று. இந்த வித்தியாசம் அன்று எனக்கும் தெரியவில்லை.

நத்தார் காலையில் அக்கா சேலை உடுத்து, மேசைக்குப் புதுத் துணி விரித்தார். வருகிறவர்கள் உட்கார, அறைக்குள் இருந்த கதிரைகளை எல்லாம் என்னைக் கொண்டு வெளியே எடுப்பித்து மேசையைச் சுற்றிப் போடுவித்தார். மழை விடாமல் பெய்தது. முதலில் தம்பி வீட்டிலிருந்து ஆட்டோவில் கோழிக்கறியும் கேக்கும் வந்தன. பிறகு கோயில் மாதர் சங்கத்தார் பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டார்கள். காத்தான்குடியிலிருந்து ராத்தா அவித்த வட்டிலப்பம் வந்தது. எதிர்வீட்டு டீச்சரின் மகள் முறுக்குப் பீங்கானை வாசல் படலையடியில் என் கையில் தந்துவிட்டு, "அன்ரியக் கரைச்சல் படுத்தக் கூடாதெண்டு அம்மா சொன்னவ" என்று குடையோடு ஓடிவிட்டாள். மகள் கனடாவிலிருந்தே ஒரு கடைக்குச் சொல்லி அனுப்பிய புரியாணிப் பெட்டியும் வந்தது. மேசை நிறைந்துவிட்டது. கதிரைகளில் ஒருவரும் இல்லை.

எல்லோரும் அக்காவின் நன்மையை எண்ணித்தான் அப்படிச் செய்தார்கள். வீடு நிறைய ஆள் சேர்ந்தால் அவர் களைத்துப் போவார் என்று ஒவ்வொருவரும் மற்றவருக்காக விலகி நின்றார்கள். எந்த வீட்டிலும் குறை இல்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

மதியம் மகள் வீடியோவில் வந்தாள். அக்கா போனைத் திருப்பி மேசையைக் காட்டினார்.

"ஆக்கள் எங்கம்மா?" என்று கேட்டாள் மகள்.

"வெளி விறாந்தையில இரிக்காங்க மனே. மழையப் பாத்துக் கதைச்சிக்கொண்டு இரிக்காங்க."

விறாந்தையில் என் நனைந்த செருப்பு மட்டும்தான் இருந்தது. மகளே, இதை இப்போதுதான் நீ முதன்முதலாக வாசிக்கிறாய். உன்னை அழவைக்க எழுதவில்லை.

போனை வைத்துவிட்டு அக்கா எழுந்து வீட்டுச் சட்டிகளை எடுத்து வந்து, வந்த பீங்கான்களை எல்லாம் அவற்றில் கவிழ்க்கத் தொடங்கினார். கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்.

"என்னக்கா செய்றீங்க?"

"வெறும் பீங்கானத் திருப்பிக் குடுக்கேலுமா? எனக்கோ சமைக்கக் கூடாதெண்டு கட்டளை. உனக்குச் சமைக்கவே தெரியா. மறுகா என்னத்தப் போட்டுக் குடுக்கிற?"

ராத்தாவின் வட்டிலப்பம் தம்பி வீட்டுப் பீங்கானில் ஏறியது. தம்பி வீட்டுக் கேக் மாதர் சங்கத்துக்கு. அவர்களுடைய பணியாரத்தில் முட்டை இல்லை, ஆகவே அது விரதக்கார டீச்சருக்கு. டீச்சரின் முறுக்கு காத்தான்குடிக்கு. அந்த நிலையிலும் அவர் தவறவில்லை, ஒருவர் சாப்பிடக் கூடாத பொருள் அவர் வீட்டுக்குப் போகவில்லை. புரியாணி அட்டைப் பெட்டியில் வந்ததால் திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை. அக்கா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்கு நான் நடந்தேன். மற்றவற்றை ஆட்டோவில் அனுப்பினோம்.

பிறகு தொலைபேசி ஓயவில்லை. "மதினி, டொக்டர் சொன்னதெல்லாம் மறந்து போச்சா? ஏன் வட்டிலப்பம் அவிச்சீங்க?" என்று தம்பியின் மனைவி ஏசினா. கேக் அடித்ததற்கு மாதர் சங்கத்தார் ஏசினார்கள். டீச்சரும் தன் வீட்டுக்குள் இருந்தபடியே தொலைபேசியில் ஏசினார். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஒரு சின்ன ஒழுங்கைப் பாதைதான் இருக்கிறது. அக்கா ஒருவருக்கும் உண்மையைச் சொல்லாமல், ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கடைசித் தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஏசுறதுக்கெண்டாலும் நேர்ல வருவாங்க எண்டு நினைச்சன் புள்ள."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அக்காவுக்குச் சமையல் பெரிதாக இருந்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆட்கள் வந்து இருக்க வேண்டும் என்பதற்காக அவர் ஆயுள் முழுக்கச் சமைத்தார். அடுப்பை விட்டதும் ஆட்களும் போய்விட்டார்கள்.

பின்னேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. முக்காடு நனைய ராத்தா இறங்கினார். கையில் முறுக்குப் பை.

"இது டீச்சர்ட முறுக்கு. தீவாளிக்குத் தீவாளி நீ அனுப்பித் திண்டவளுக்கு இது தெரியாதா? என்ன கூத்துகா இது?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், கதிரைகளைப் பார்த்து நின்றுவிட்டார். "ஊட்ட ஒருத்தரும் இல்லயா?"

"எல்லாரும் அனுப்பியிரிக்காங்க ராத்தா" என்றார் அக்கா.

"சோத்தத்தானே அனுப்பியிரிக்காங்க" என்று சொல்லிவிட்டு, ராத்தா ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தன் வீட்டு வட்டிலப்பத்தில் மிச்சம் இருந்ததைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அக்காவும் சோறு போட்டுக்கொண்டார். மூன்று பேருமாக, விளக்கு வைக்கும் வரைக்கும் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அதுவே அக்காவின் கடைசி நத்தார். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்தில் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டாம் முறை நான் அவரை அழைத்து வரவில்லை. கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டார். அவருக்குக் குழாயில்தான் ஆகாரம் போய்க்கொண்டிருந்தது.

நன்றி சொல்ல வேண்டிய இடம் இது. அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், அவஸ்தைப் பூசுதல் தந்து கடைசிச் செபம் சொன்ன சுவாமிக்கும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்த மகளுக்கும் மருமகனுக்கும், பெட்டியைத் தோள் கொடுத்துச் சுமந்தவர்களுக்கும், அடக்கம் முடியும் வரை என் பக்கத்தை விட்டு அசையாத ராத்தாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பியும் அவன் மனைவியும் செய்தவற்றுக்கு நன்றி சொன்னால் ஏசுவார்கள், ஆகவே விடுகிறேன்.

இன்னொரு நன்றியும் உண்டு. அக்கா இல்லாத முதல் நத்தாருக்கு, சமைக்கத் தெரியாதவள் தனியே இருக்கிறாளே என்று நீங்கள் எல்லோரும் எனக்குச் சாப்பாடு அனுப்பினீர்கள். ஒன்றையும் வீணாக்கவில்லை. உங்கள் பீங்கான்கள் எல்லாம் கழுவித் துடைத்து, அக்காவின் மேசையில்தான் இருக்கின்றன. எது எந்த வீட்டுடையது என்பது அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவற்றில் போட்டுத் தர என்னிடம் சீனி மட்டும்தான் இருக்கிறது.

ஆண்டுப் பூசை முடிந்ததும் வந்து, உங்களுடையதை நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். கதிரைகளை வெளியே போட்டு வைத்திருப்பேன். ஆட்டோவில் ஆள் அனுப்பினால் கொடுக்க மாட்டேன்.

இவ்வண்ணம்,
தங்கை